பரணில் கிடக்கும் 'ரஷ்யா கேமரா': விலை போகுமா, போலியா, எதைத் தூக்கிப் போடக்கூடாது? முழு விவரம்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை ஆகட்டும், ஏலமலை அடிவாரத்தின் வேறெந்த ஊராகட்டும், பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் பரண் முழுசாகக் காலியாகும். பித்தளை அண்டா பங்குக்குப் போகும். தேக்குப் பெட்டிக்கு ஆள் வரும். மிச்சம் இருப்பது அப்படியே காயலாங்கடைக்கும் பழைய பேப்பர்கடைக்கும்.

அந்த மிச்சத்தில், தோல் உறை போட்ட ஒரு கனமான கேமரா இருக்கலாம். பக்கத்திலேயே 'முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ' என்று போட்ட நாலைந்து புத்தகங்களும், சட்டையில் குத்தும் லெனின் பேட்ஜும், ஒரு கட்டு நெகட்டிவும் இருக்கலாம். வீட்டில் உள்ளவர்கள் முதலில் கேட்பது, "இந்தக் கேமரா எவ்வளவு போகும்?" என்றுதான்.

கேள்வி சரிதான். ஆனால், அந்தப் பெட்டியில் ரொம்ப அரிதான பொருள் பெரும்பாலும் கேமராவாக இருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

ரஷ்யா சாமான் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

காரணம் ரூபாய். 1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டாலர் தேவையில்லை, ரூபாயிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் முக்கியமான வசதி. நம்மிடம் தேயிலை, மிளகு, முந்திரி, தோல் என்று வாங்கிய சோவியத் ஒன்றியம், பதிலுக்கு இயந்திரங்களை அனுப்பியது. நெய்வேலி அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் எழுந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

பெரிய இயந்திரங்களோடு சின்னச் சாமான்களும் வந்தன. இந்தியாவில் அப்போது இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஜப்பான், ஜெர்மன் கேமரா என்பது பணக்கார வீட்டுப் பொருள். நடுத்தர வீடுகளில் 'ஆக்ஃபா க்ளிக் 3' இருந்தாலே பெரிய விஷயம். அந்த இடைவெளியில்தான் லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய 'ஸெனிட்' மாதிரி கேமராக்கள் நுழைந்தன. மாஸ்கோவுக்குப் படிக்கப் போனவர்களும், வேலையாகப் போய் வந்தவர்களும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவை தனி.

இது எப்படி வந்த கேமரா என்று ஊகிக்க ஒரு சின்ன வழி உண்டு. பெயர் ஆங்கில எழுத்தில் இருந்து, 'மேட் இன் யு.எஸ்.எஸ்.ஆர்' என்றும் இருந்தால், அது ஏற்றுமதிக்காகச் செய்தது. பெயர் ரஷ்ய எழுத்தில் இருந்தால், சோவியத் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது. பெரும்பாலும் யாரோ ஒருவர் கையோடு வாங்கி வந்ததாக இருக்கும்.

எந்தக் கேமரா எது?

ரஷ்ய எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஆங்கிலத்தில் 'சி.சி.சி.பி' என்று படிக்கத் தோன்றுவது, ரஷ்ய மொழியில் 'எஸ்.எஸ்.எஸ்.ஆர்'. சோவியத் ஒன்றியத்தின் சுருக்கப் பெயர் அது. எண் 3 மாதிரி தொடங்கினால் 'ஸெனிட்' அல்லது 'ஸோர்க்கி'. வட்டத்தின் நடுவே செங்குத்துக் கோடு போட்ட எழுத்தில் தொடங்கினால் 'ஃபெட்'.

ஃபெட்: இதன் கதை சினிமாவுக்குக் குறைந்ததல்ல. உக்ரைனின் கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக, கல்வியாளர் அன்டன் மகரென்கோவின் தலைமையில் ஒரு கம்யூன் நடந்தது. அங்கே சிறுவர்கள் முதலில் மின்சாரத் துளைக்கருவி செய்தார்கள். 1934-ல் ஜெர்மனியின் 'லைக்கா'வைப் பார்த்துக் கேமரா தயாரிப்பில் இறங்கினார்கள். சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ட்செர்ஜின்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகளே 'ஃபெட்'.

ஸோர்க்கி: மாஸ்கோ அருகே க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1948 முதல் வந்தது. 'கூர்மையான பார்வை' என்று பொருள். இதுவும் லைக்கா வழி வந்ததுதான்.

ஸெனிட்: ஸோர்க்கியின் உடம்பில் கண்ணாடி பொருத்தி, லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும்படி 1952-ல் மாற்றிச் செய்தார்கள். 1965-ல் வந்த ஸெனிட்-இ மாடலில் ஒளி அளக்கும் மீட்டரும் உண்டு, அதுக்கு பேட்டரி வேண்டாம். லென்ஸோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ கனக்கும். இந்த ஒரு மாடல் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் வளையங்கள் பொறித்ததும் உண்டு.

கீவ்: இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் இழப்பீடாக ஜெர்மனியின் 'கான்டாக்ஸ்' கேமராவுக்கான இயந்திரங்களையும் உதிரி பாகங்களையும் சோவியத் ஒன்றியம் எடுத்துப் போனது. அதை வைத்து உக்ரைனின் ஆர்செனல் ஆலையில் பிறந்தது கீவ். ஆரம்பகால கீவைத் திறந்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய கான்டாக்ஸ்தான்.

ஸ்மேனா 8எம்: லெனின்கிராட் தயாரிப்பு. பிளாஸ்டிக் உடம்பு, எடை குறைவு. வெயில், மேகம், மழை என்று படம் போட்டிருக்கும். வானத்தைப் பார்த்து அதற்கேற்பத் திருப்பினால் போதும். 2 கோடிக்கும் மேல் தயாரான கேமரா இது.

இப்போ ஏன் இதற்குத் திடீர் மவுசு?

முக்கியக் காரணம், ஸெனிட்டோடு வரும் 'ஹீலியோஸ் 44' லென்ஸ். ஜெர்மனியின் ஸைஸ் 'பயோட்டார்' லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றியது. மரத்தடியில் ஒருவரை நிறுத்தி இதில் படம் எடுத்தால், பின்னால் இருக்கும் இலைகள் சுழல் மாதிரி வட்டமடித்து மங்கும். அந்தக் காலத்தில் குறையாகச் சொல்லப்பட்டது, இன்று 'லுக்' ஆகிவிட்டது. மலிவான ஒரு அடாப்டர் போட்டால் இன்றைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவிலும் மாட்டலாம். 2022-ல் வந்த 'தி பேட்மேன்' படத்தில் ஒளிப்பதிவாளர் க்ரெய்க் ஃப்ரேசர் ஹீலியோஸ் லென்ஸையும் பயன்படுத்தினார்.

இன்னொரு காரணம், 1984-ல் வந்த 'லோமோ எல்சி-ஏ' என்ற குட்டிக் கேமரா. 1990-களின் தொடக்கத்தில் வியன்னா மாணவர்கள் சிலர் பிராகில் இதை வாங்கிப் பார்த்து மயங்கி, 'லோமோகிராஃபி' என்ற இயக்கத்தையே தொடங்கிவிட்டார்கள். கலர் அடர்ந்து, ஓரம் இருண்டு வரும் படங்களுக்கு அங்கிருந்துதான் ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஸெனிட்டிலோ ஸ்மேனாவிலோ போலி செய்து யாருக்கும் லாபமில்லை. மோசடி நடப்பது வேறு இடத்தில்: ஃபெட், ஸோர்க்கி கேமராக்களைச் சுரண்டி, தங்க முலாம் பூசி, 'லைக்கா' என்றும் ஜெர்மன் ராணுவக் கழுகு என்றும் பொறித்து விற்பது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு இந்த வேலை பெருகியது. லைக்காவைப் பார்த்துச் செய்த கேமரா, கடைசியில் லைக்கா வேஷம் போட்டுக்கொண்டது!

சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். லென்ஸைத் தொடும் சின்ன நெம்புகோலின் நுனி உருளும் வட்டச் சக்கரமாக இருந்தால் லைக்கா. உருளாத, ஆப்பு மாதிரியான உலோகத் துண்டாக இருந்தால் அது ஃபெட்டோ ஸோர்க்கியோதான். "நாஜி காலத்துத் தங்க லைக்கா" என்று மலிவு விலையில் ஒருவர் நீட்டினால், இதைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்.

தயாரான ஆண்டைத் தெரிந்துகொள்ள சீரியல் எண் உதவும். பல ஸெனிட், ஸோர்க்கிகளில் முதல் 2 இலக்கங்களே ஆண்டு. 78 என்று தொடங்கினால் பெரும்பாலும் 1978.

வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

* முதலில், உள்ளே ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். ரீவைண்ட் குமிழை லேசாகத் திருப்பும்போது இறுக்கம் தெரிந்தால் ரோல் இருக்கலாம். அப்படியானால் பின்மூடியைத் திறக்கவே கூடாது. வெளிச்சம் பட்ட நொடியில் படம் போச்சு. முழுவதும் ரீவைண்ட் செய்த பிறகே திறக்க வேண்டும்.

* பழைய ஃபெட், ஸோர்க்கியில் ஷட்டர் வேகத்தை மாற்றும் முன் ஃபிலிமை முன்னே தள்ளும் லீவரையோ குமிழையோ சுற்றிவிட வேண்டும். சுற்றாமல் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடும். தெரியாமல் திருப்பிப் பார்த்தே பழுதான கேமராக்கள் ஏராளம்.

* ரோல் இல்லை என்றால், பின்மூடியைத் திறந்து, லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஸெனிட், ஃபெட், ஸோர்க்கியில் ஷட்டர் என்பது ரப்பர் பூசிய துணித்திரை. ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் துணியில் ஓட்டை. இதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது. கண்ணுக்கும் ஆபத்து, துணிக்கும் ஆபத்து.

* லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. தொடக்கத்திலேயே பார்த்தால் சுத்தம் செய்யலாம். விட்டால் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே தின்றுவிடும்.

மலையோரத்தில் பாதுகாப்பது எப்படி?

ஏலச்செடிக்கு நிழலும் மேகமும் ஈரமும் வேணும். லென்ஸுக்கு அந்த மூணும் ஆகாது. மேலே எஸ்டேட் வீட்டில் இருந்த கேமராவையும், கீழே சமவெளியில் இருந்த கேமராவையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது.

பலரும் செய்யும் தப்பு, பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறைக்குள்ளேயே வைப்பது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதுவே வீடு. உறை தனி, கேமரா தனி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால், எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

ஈரம் போகட்டும் என்று ஏலக்காய் காயவைக்கும் சூட்டறையிலோ, அடுப்படி மேலேயோ வைப்பதும் தப்பு. லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இளகி, அபர்ச்சர் இலைகளில் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

சரி, அப்படின்னா எதுதான் அரிது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸெனிட்-இ 30 லட்சத்துக்கும் மேல். ஸ்மேனா 8எம் 2 கோடிக்கும் மேல். உங்கள் வீட்டில் ஒன்று உடைந்தால், உலகத்தில் வேறெங்காவது ஒன்று கிடைக்கும். பெட்டியில் இருக்கும் மற்ற மூன்று விஷயங்கள் அப்படி இல்லை.

முதலாவது, மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். தமிழ் வாசகர்களுக்காகவே தமிழர்கள் மாஸ்கோவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவை இவை. டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலைத் தமிழில் தந்தவர் ரா. கிருஷ்ணையா. பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை'யைத் தந்தவர் பூ. சோமசுந்தரம். சிறுவர்களுக்கான 'அப்பா சிறுவனாக இருந்தபோது' நூலை மொழிபெயர்த்தவர் நா. முகம்மது செரீபு. 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இந்த நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கெட்டி அட்டை, வண்ணப் படம், ஆனால் விலை சில ரூபாய்தான். மாத வருமானம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் டால்ஸ்டாயைப் படித்தது அப்படித்தான்.

1991-ல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. அந்த அச்சகங்களிலிருந்து தமிழ் நூல் வருவதும் நின்றது. சில நூல்களைத் தமிழகப் பதிப்பகங்கள் மறுபதிப்பு செய்திருக்கின்றன. ஆனால் மூல ஓவியங்களோடும் அந்த அச்சோடும் இருக்கும் பிரதி இனி வரப்போவதில்லை. உலகச் சந்தையில் தேடினால் ஸெனிட் கிடைக்கும். மாஸ்கோ அச்சுத் தமிழ்ப் புத்தகம் தமிழர் வீட்டுப் பரணில்தான் கிடைக்கும்.

இவற்றின் வயதை அறிய, பதிப்பகத்தின் பெயரே ஒரு துப்பு. 'முன்னேற்றப் பதிப்பகம்' என்றால் 1963-க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் பதிப்பகத்துக்கு அந்தப் பெயர் வந்தது. 'ராதுகா பதிப்பகம்' என்றால் 1982 அல்லது அதற்குப் பின். 'லை', 'னை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை மாதிரி கொம்போடு இருந்தால் பழைய அச்சு. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல். ஆனால் எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், உள்பக்கத்தில் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பத்திரிகைகள். 'சோவியத் நாடு' ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல பரிச்சயம். படிப்பதற்காக அல்ல, நோட்டுக்கு அட்டை போடுவதற்காக. வழவழப்பான காகிதம், பளிச்சென்ற கலர். அப்படி அட்டையாகவே தீர்ந்துபோனதால் முழு இதழாகக் கிடைப்பது இன்று குறைவு. மலிவாக, தாராளமாகக் கிடைத்த பொருளை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அரிதாவதும் அதனால்தான்.

மூன்றாவது, நெகட்டிவ். கேமரா சோவியத் நாட்டுடையது. அதில் பதிந்த முகங்கள் நம்மூருடையவை. கல்யாணம், காதுகுத்து, சித்திரைத் திருவிழா, மலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்கள். ஒருகாலத்தில் ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ஃபிலிமில் எடுத்ததாகவும் இருக்கலாம். 1960-ல் தொடங்கிய அந்தப் பொதுத்துறை ஆலையும் இன்று இல்லை. ஒரு நெகட்டிவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். அதைப் போட்டால் போட்டதுதான்.

புத்தகத்தையும் நெகட்டிவையும் என்ன செய்யலாம்?

நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்றவற்றிலிருந்து பிரித்து, அதை முதலில் நகலெடுக்க வேண்டும். பெரிய ஸ்கேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டேப்லெட்டில் முழு வெள்ளைத் திரையை வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே நெகட்டிவைப் பிடித்து, போனில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகங்கள் தெரிந்துவிடும். ஆல்பத்துக்கு அது போதாது. யார் யார் என்று அடையாளம் காண அது தாராளம். பிறகு பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் காகித உறையில் போட்டு வையுங்கள்.

கேமராவுக்குள்ளேயே கழுவாத ரோல் கிடைத்தால், கறுப்பு-வெள்ளை என்றால் நம்பிக்கை வைக்கலாம். பல பத்தாண்டு கழித்தும் உருவம் வருவதுண்டு. கலர் ரோலுக்கு வாய்ப்பு குறைவு. எதுவானாலும், ரொம்பப் பழைய ரோல் என்று லேபில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

புத்தகம், இதழ்களை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், எடைக்குப் போடும் முன் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் பட்டியல் அனுப்பிக் கேட்கலாம். கேமரா வரலாற்றில் ஆர்வம் இருப்பவர்கள் குருகிராமில் உள்ள 'மியூசியோ கேமரா' அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களையே தொல்பொருளாகக் கருதுகிறது. ஃபெட் பிறந்ததே 1934-ல். எனவே இந்தக் கேமராக்களை உள்நாட்டில் வாங்கவும் விற்கவும் அந்தச் சட்டம் தடையில்லை. பேட்ஜ், தபால்தலை போன்றவையும் இப்படித்தான். 1984-ல் ராகேஷ் சர்மாவின் விண்வெளிப் பயணத்துக்காக சோவியத் ஒன்றியம் வெளியிட்ட தபால்தலைகள் பழைய ஆல்பங்களில் இருக்கலாம், பாருங்கள். ஒரு விஷயம்: அந்நாட்டுத் தபால்தலைகள் நிறைய, கடிதத்தில் ஒட்டாமலே முத்திரை குத்தி, சேகரிப்பாளர்களுக்காக விற்கப்பட்டவை. முத்திரை இருக்கிறது என்பதால் மட்டும் விலை கூடாது.

சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வேலை

பொருளை வாங்கும்போதோ பரணிலிருந்து இறக்கும்போதோ, கூடவே ஒரு துண்டுச் சீட்டு எழுதி டப்பாவில் போடுங்கள். யார் வாங்கியது, எந்த ஆண்டு, எங்கே, என்ன வேலையில் இருந்தார், இதில் யாரையெல்லாம் படமெடுத்தார்? நாலு வரி, அவ்வளவுதான். இதைக் கேட்டுச் சொல்லக்கூடிய தாத்தாவும் பாட்டியும் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சீரியல் எண்ணை வைத்துக் கேமராவின் ஆண்டை யாரும் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அது எந்த வீட்டில், யார் கையில் இருந்தது என்பதை எந்த எண்ணும் சொல்லாது.